செலிப்ரிட்டி தெரியும்... ‘செலெரிட்டி’ தெரியுமா? வேகத்துக்கும் விரைவுக்கும் நடுவில் நிற்கும் ஓர் ஆங்கிலச் சொல்!

ஆங்கில நாளிதழின் தலையங்கத்திலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ ‘வித் செலெரிட்டி’ என்ற சொல்லைப் பார்த்ததும், அச்சுப்பிழைன்னு நினைச்சு கடந்துபோகிறவர்கள் உண்டு. செலிப்ரிட்டியில் ஒரு எழுத்து விட்டுப்போச்சு போல என்று தோன்றும். எழுத்துக் கணக்குப்படி அது உண்மைதான். செலிப்ரிட்டியில் இருக்கும் ‘பி’யை மட்டும் எடுத்துவிட்டால் செலெரிட்டி வந்துவிடும். ஆனால் பொருளில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. செலிப்ரிட்டி என்றால் பிரபலம். செலெரிட்டி என்றால் விரைவு.

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ‘ஸ்பீடு’ என்பதற்கான இணைச்சொற்களில் இதையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் இந்தச் சொல் சட்டத்திலும் கடல் அறிவியலிலும் தனியாக ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைப் புரிந்துகொண்டால், ‘விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற அறிவிப்பைக் கேட்கும்போது நாம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

செலெரிட்டி என்றால் என்ன?

காலம் தாழ்த்தாமல், சுணங்காமல் ஒன்று நடப்பதைக் குறிக்கும் பெயர்ச்சொல் இது. எழுத்து வழக்குக்கு உரிய, கொஞ்சம் கம்பீரமான சொல். பேச்சில் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை. ‘சீக்கிரம் வா’ என்று நண்பனிடம் சொல்ல இந்தச் சொல்லை எடுத்தால், அவன் நம்மை ஒரு மாதிரி பார்ப்பான்.

உச்சரிக்கும்போது அழுத்தம் ‘லெ’ என்ற அசையில் விழ வேண்டும். முதல் அசையை லேசாகச் சொல்லிவிட்டு ‘லெ’யில் ஊன்றினால் போதும்.

எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘செலெர்’ என்றால் விரைவான என்று பொருள். அதிலிருந்து ‘செலெரிட்டாஸ்’. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து செலெரிட்டி ஆனது.

ரோமானியர்களிடம் இது பெரிய பாராட்டுச் சொல். ஜூலியஸ் சீசரின் போர்முறைக்கே இதைத்தான் அடையாளமாகச் சொல்வார்கள். எதிரி தயாராகும் முன்பே அங்கே போய் நிற்பதுதான் அவருடைய பலம். கி.மு. 47இல் இன்றைய துருக்கியில் உள்ள செலா என்ற இடத்தில் நடந்த போரை அவர் சட்டென்று முடித்தார். தான் வந்ததையும் பார்த்ததையும் வென்றதையும் மூன்றே சொற்களில் அவர் சொன்ன கதை அந்தப் போரைப் பற்றியதுதான்.

செலெரிட்டியைத் தெரியாதவர்களுக்கும் அதன் சொந்தக்காரர்களைத் தெரிந்திருக்கும். பைக்கில் நாம் முறுக்கும் ‘ஆக்சிலரேட்டர்’ அதே வேரில் பிறந்ததுதான். 1998இல் இன்டெல் நிறுவனம் குறைந்த விலையில் கொண்டுவந்த ‘செலரான்’ சிப்பின் பெயருக்குள்ளும் அந்த ‘செலெர்’ இருக்கிறது.

ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற சமன்பாட்டில் ஒளியின் வேகத்தைக் குறிக்க ‘சி’ என்ற எழுத்து வருகிறதே, அது செலெரிட்டாஸின் முதல் எழுத்து என்று ஒரு விளக்கம் உண்டு. மாறிலி என்று பொருள்படும் ‘கான்ஸ்டன்ட்’டின் முதல் எழுத்து என்று இன்னொரு விளக்கமும் உண்டு. 1905இல் வெளியான கட்டுரைகளில் ஐன்ஸ்டைனே ‘வி’ என்ற எழுத்தைத்தான் பயன்படுத்தினார். ‘சி’க்கு மாறியது பிறகுதான். எந்த எழுத்தில் எழுதினாலும் மதிப்பு ஒன்றுதான்: நொடிக்கு 29,97,92,458 மீட்டர்.

தமிழில் எப்படிச் சொல்வது? வேகமா, விரைவா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ‘வேகமா வர்றேன்’ என்பதையும் ‘விரைவில் வர்றேன்’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது, வண்டியை எப்படி ஓட்டி வருகிறேன் என்று சொல்கிறது. இரண்டாவது, எப்போது வந்து சேருவேன் என்று சொல்கிறது. வேகம் ஓட்டத்தைப் பற்றியது. விரைவு, காத்திருப்பவரின் நேரத்தைப் பற்றியது.

நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. சாலையில் இருப்பது ‘வேகத்தடை’, அதை யாரும் விரைவுத்தடை என்று சொல்வதில்லை. வெளியூருக்குப் போகும் பஸ் ‘விரைவுப் பேருந்து’, அதை வேகப் பேருந்து என்று எழுதினால் ஏறவே பயமாக இருக்கும்!

ரயில்வேயில் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. அகலப் பாதையில் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தாலே அது ‘அதிவிரைவு’ ரயில். 55ஆ, இது பைக் போற ஸ்பீடுதானே என்று கேட்கலாம். ஆனால் அது நடுவில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நடுவழியில் 110இல் பறந்துவிட்டு, ஊருக்கு வெளியே சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றால் அந்த ரயிலில் வேகம் இருந்தது, விரைவு இல்லை.

பள்ளி இயற்பியலில் ‘ஸ்பீடு’ வேகம், ‘வெலாசிட்டி’ திசைவேகம், ‘ஆக்சிலரேஷன்’ முடுக்கம். இந்தப் பட்டியலில் செலெரிட்டிக்கு இடமில்லை. அதற்குப் பொருத்தமான தமிழ் ‘விரைவு’தான்.

விரைவுக்குத் தமிழில் சொல் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. கதழ்வு, துனைவு என்ற இரண்டு சொற்களுக்கும் விரைவு என்பதே பொருள் என்று தொல்காப்பிய உரியியல் குறிக்கிறது. அந்த இரண்டும் இன்று வழக்கில் இல்லை. அதனாலென்ன, ‘வெரசா வா’ என்று கிராமத்தில் கூப்பிடுவது விரைவின் பேச்சு வடிவம்தான். ‘சுருக்கா முடி’ என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் ‘கெதியா வாங்கோ’ என்பார்கள். இந்த அழைப்புகள் எல்லாமே சொல்வது ஒன்றைத்தான்: இங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

கடல் அலைக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன தொடர்பு?

கடல் அலைகளை ஆராய்கிறவர்களும் கடலோரக் கட்டுமானப் பொறியாளர்களும் அலை முன்னேறும் வேகத்துக்கு ‘செலெரிட்டி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெலாசிட்டி என்று சொல்லியிருக்கலாமே? சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

சேப்பாக்கம் மைதானத்தில் ரசிகர்கள் வரிசையாக எழுந்து உட்கார்ந்து ‘மெக்சிகன் வேவ்’ எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அலை மைதானத்தையே ஒரு சுற்று சுற்றி வரும். ஆனால் ஒருவர்கூட தன் இருக்கையை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். கடலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அலையின் வடிவம் நெடுந்தூரம் ஓடும், நீர்த்துளிகள் சிறிது தூரமே அசையும். நீர்த்துளியின் வேகம் வெலாசிட்டி. அலையின் வேகம் செலெரிட்டி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் தனிப்பெயர்.

சுனாமி போன்ற நீண்ட அலைகளுக்கு இந்தச் செலெரிட்டியைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4,000 மீட்டர் ஆழத்தில் இது நொடிக்கு சுமார் 198 மீட்டர் வரும். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். கரையை நெருங்கி ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது, மணிக்கு சுமார் 36 கிலோமீட்டராக இறங்கிவிடும். வேகம் குறையக் குறைய அலையின் உயரம் கூடும். ஆழ்கடலில் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாத அலை, கரையில் சுவராக எழுவது இதனால்தான்.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்கு வெறும் பாடமாக மட்டும் இருந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரப்படி காலை 6.28க்குப் பிறகு சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. அந்தமான் நிகோபார் தீவுகளை முதலில் தாக்கிய அலை, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து, காலை 9 மணியளவில் தமிழகக் கரையைத் தொட்டது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் உயிரிழந்தார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல்.

அலை வந்த விரைவை யாராலும் குறைத்திருக்க முடியாது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு செய்தி அலையை முந்தி வந்திருக்கலாம். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று அப்படி ஓர் அமைப்பே இல்லை. கடற்கரையில் நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது வேகமாக ஓடும் கால்கள் அல்ல. விரைவாக வரும் தகவல். அதன் பிறகுதான், 2007இல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

சட்டத்தில் ஏன் இந்தச் சொல் முக்கியம்?

ஒரு கொடூரக் குற்றம் நடந்தால், ‘தண்டனையைக் கடுமையாக்கு’ என்பதுதான் முதலில் எழும் குரல். குற்றவியல் அறிஞர்கள் தண்டனையை மூன்று அளவுகோல்களால் பார்க்கிறார்கள். தண்டனை நிச்சயமாகக் கிடைக்குமா? எவ்வளவு கடுமையானது? எவ்வளவு விரைவாகக் கிடைக்கும்? மூன்றாவது கேள்விக்கு ஆங்கிலப் பாடநூல்கள் வைத்திருக்கும் சொல்தான் செலெரிட்டி.

இந்தச் சிந்தனைக்கு அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர் இத்தாலியின் மிலன் நகரைச் சேர்ந்த செசாரே பெக்காரியா. 1764இல், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறிய நூலை எழுதினார். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்த நூல் அது. தண்டனை விரைவாக வர வேண்டும் என்பதற்கு அவர் இரண்டு காரணங்கள் சொன்னார்.

ஒன்று, குற்றத்துக்கும் தண்டனைக்கும் நடுவில் இடைவெளி குறைந்தால்தான் இதைச் செய்தால் இது நடக்கும் என்பது மக்கள் மனதில் பதியும். பல வருடம் கழித்து வரும் தண்டனை வேடிக்கைக் காட்சி ஆகிவிடும்.

இரண்டாவது காரணத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தீர்ப்பு வராமல் சிறையில் காத்திருப்பதே ஒரு தண்டனை. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஆக, விரைவு என்பது பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமான உரிமை இல்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரியது.

இந்தியாவில் இது சட்டமாகவே நிலைபெற்றது 1979இல், ஹுசைனாரா கத்தூன் வழக்கில். பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் வருடக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். சாட்டப்பட்ட குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் அதிகபட்ச தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்களும் அதில் உண்டு. நீதிபதி பி.என். பகவதி இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு, விரைவான விசாரணை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழ்வு, தனிமனித சுதந்திர உரிமையின் ஒரு பகுதி என்று தெளிவுபடுத்தியது.

அப்படியென்றால் அவசர அவசரமாகத் தீர்ப்பு சொல்லிவிட வேண்டுமா? இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹேஸ்ட்’ என்ற அவசரம் வேறு, செலெரிட்டி வேறு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய நேரம் தராமல் முடிப்பது அவசரம். அந்தச் சாட்சியை ஆறு முறை வரவழைத்து, ஆறு முறையும் வாய்தா கொடுத்துத் திருப்பி அனுப்பாமல் இருப்பது விரைவு. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி முதலாவதற்குத்தான் எச்சரிக்கை. இரண்டாவதைத் தள்ளிப்போடுவதற்கு அது சாக்கு ஆகாது.

‘கூடிய விரைவில்’ என்றால் எத்தனை நாள்?

விரைவு என்ற சொல்லின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. வேகத்தை மீட்டர் வைத்து அளக்கலாம். விரைவை எதை வைத்து அளப்பது? அதனால்தான் நல்ல சட்டங்கள் அந்த இடத்தில் ஓர் எண்ணை எழுதிவிடுகின்றன.

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கொடுப்பது 30 நாட்கள். கேட்கும் தகவல் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 48 மணி நேரம். போக்சோ சட்டம், 2012 குழந்தையின் சாட்சியத்தை 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றும், விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

எண் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாடு சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்புவதாக இருந்தால் ‘கூடிய விரைவில்’ அனுப்பலாம் என்கிறது அரசியலமைப்பின் 200ஆவது பிரிவு. எத்தனை நாள் என்று அதில் இல்லை. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நிலுவையில் இருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும் என்று சொல்லி, காலக்கெடுக்களையும் வகுத்தது. பிறகு குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது, ஆனால் காரணம் சொல்லாமல் நீண்ட காலம் செயல்படாமல் இருந்தால் வரம்புக்கு உட்பட்டுத் தலையிடலாம் என்று கருத்து தெரிவித்தது. இவ்வளவு வாதமும் ‘கூடிய விரைவில்’ என்ற இரண்டு சொற்களைச் சுற்றித்தான்!

எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது?

• ‘வித் செலெரிட்டி’ என்று சேர்த்து வருவதுதான் அதிகம் காணப்படும் பயன்பாடு. ‘குழு செலெரிட்டியோடு செயல்பட்டது’ என்றால் சுணக்கம் இல்லாமல் வேலை பார்த்தது என்று பொருள்.

• காரின் செலெரிட்டி 80 கிலோமீட்டர் என்று எழுதக் கூடாது. அங்கே ஸ்பீடுதான் சரி.

• ‘வெலாசிட்டி’ திசையோடு சேர்ந்த வேகம். அறிவியலில் இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும்.

• ‘அலாக்ரிட்டி’ என்பதில் விரைவோடு மனமும் சேர்ந்திருக்கும். சொன்னவுடன் உற்சாகமாக எழுந்து செய்வது அது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விரைவாகச் செய்தால் செலெரிட்டி மட்டும்தான் இருக்கிறது, அலாக்ரிட்டி இல்லை.

• ‘எக்ஸ்பெடிஷியஸ்’ நீதிமன்ற உத்தரவுகளில் அடிக்கடி வருவது. லத்தீனில் அதன் மூலப்பொருள், காலில் மாட்டிய தளையை விடுவிப்பது. நிலுவை வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடையாது.

• தேர்வில் எதிர்ச்சொல் கேட்டால் ‘ஸ்லோனெஸ்’. தமிழில் கேட்டால் மெத்தனம், தாமதம், சுணக்கம்.

ஆக, இது பந்தாவுக்காகப் பயன்படுத்த வேண்டிய சொல் இல்லை. ஸ்பீடு என்று எழுதினால் போதும் என்கிற இடத்தில் ஸ்பீடு என்றே எழுதலாம். ஒருவர் காத்திருக்கிறார், அவருக்கு வந்து சேர வேண்டியது தாமதிக்காமல் வர வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடம்தான் செலெரிட்டிக்கு உரிய இடம்.

அடுத்த முறை மனுவைக் கொடுத்துவிட்டு வரும்போது ‘விரைவில் பார்க்கிறோம்’ என்று பதில் வந்தால், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். முடிந்தால் அந்தத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.